திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்

குழந்தைகளையும் திரையையும் பற்றிய பேச்சில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு இன்றுவரை திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மொழி ஆய்வாளர் பட்ரீசியா கூல் குழுவினர் நடத்தியது அது. ஆங்கிலம் மட்டுமே காதில் விழுந்து வளர்ந்த 9 மாதக் குழந்தைகள். மாண்டரின் சீனம் பேசும் ஒருவர் அவர்கள் முன் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடிக்கொண்டே பேசுவார். ஒரு முறைக்கு 25 நிமிடம், மொத்தம் 12 முறை. கடைசியில் சோதித்துப் பார்த்தபோது, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு மாண்டரின் ஒலி வேறுபாட்டை இந்தக் குழந்தைகள் தைவான் குழந்தைகளுக்குச் சமமாகப் பிரித்தறிந்தார்கள். இன்னொரு குழுவுக்கும் அதே ஆட்கள், அதே பொம்மைகள், அதே நேரம். எல்லாம் வீடியோவில் ஓடியது என்பதுதான் ஒரே மாற்றம். அந்தக் குழு துளியும் கற்கவில்லை.

‘கண் கொட்டாமல் பார்க்கிறான்’ என்பதை ‘நன்றாகக் கற்கிறான்’ என்று எடுத்துக்கொள்வது வீடுகளில் நடக்கும் முதல் பிழை. ஏறக்குறைய மூன்று வயதுவரை, நேரில் பார்த்துக் கற்கும் அளவுக்குத் திரையில் பார்த்துக் கற்க முடிவதில்லை. ஆய்வாளர்கள் இதற்கு ‘வீடியோ பற்றாக்குறை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தட்டையான படத்தில் கண்டதைக் கையில் பிடிக்கும் பொருளோடு பொருத்துவது அந்த வயது மூளைக்குக் கடினம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இதைவிட முக்கியமானது: வீடியோ பதில் சொல்லாது. குழந்தை விரலை நீட்டினால் அது திரும்பிப் பார்க்காது. குழந்தை சிரித்தால் அது சிரிக்காது.

பதில் சொல்லும் திரை என்றால் கதை மாறுகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 24 முதல் 30 மாதம்வரையிலான குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்கள் மூன்று விதமாகக் கற்பிக்கப்பட்டன: நேரில், நேரலை வீடியோ அழைப்பில், முன்பே பதிவு செய்த வீடியோவில். வீடியோ அழைப்பில் கற்ற குழந்தைகள் நேரில் கற்றவர்களுக்கு ஈடாகத் தேறினார்கள். பதிவு வீடியோ பார்த்தவர்கள் தேறவில்லை. 1999இல் இரண்டு வயதுக்குக் கீழே தொலைக்காட்சி வேண்டாம் என்று சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், 2016இல் தன் பரிந்துரையைத் திருத்தியபோது 18 மாதத்துக்குக் கீழே திரையே வேண்டாம், வீடியோ அழைப்பு மட்டும் விதிவிலக்கு என்று எழுதியதற்கு இத்தகைய ஆய்வுகளும் பின்புலம்.

ஆக, கேள்வி ‘எத்தனை மணி நேரம்’ என்பதோடு முடிவதில்லை. திரைக்கு இந்தப் பக்கம் குழந்தையோடு யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

மணிக்கணக்கு எங்கே உதவும்

மணிக்கணக்கை அடியோடு தள்ளிவிட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையும்வரை உட்கார்ந்து திரை பார்க்கும் நேரமே கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. இந்த எண்ணை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே ஆவணத்தில் பக்கத்திலேயே இருக்கும் தூக்கக் கணக்கை யாரும் சொல்வதில்லை: 1 முதல் 2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம், 3 முதல் 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம், பகல் தூக்கத்தையும் சேர்த்து. அதோடு நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடல் அசைய வேண்டும். திரைக்கான வரம்பு இந்த இரண்டுக்கும் இடம் விடுவதற்காகப் போடப்பட்டது. தூக்கமும் ஓட்டமும் நிறைவாக இருக்கும் வீட்டில் ஒரு நாள் 20 நிமிடம் கூடிப்போனால் குற்ற உணர்வு தேவையில்லை. இரண்டும் குறைகிற வீட்டில் ‘நாங்கள் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதே இல்லை’ என்பதிலும் பெரிய நிம்மதி இல்லை.

வளரிளம் பருவத்துக்கு வந்தால் மணிக்கணக்கு இன்னும் மங்குகிறது. எமி ஓர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 3,55,000க்கு மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை அலசி 2019இல் வெளியிட்ட ஆய்வில், மனநலத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்குவது அதிகபட்சம் 0.4 சதவீதம் என்று வந்தது. உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு கிட்டத்தட்ட இதே அளவு என்று அவர்களே ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஆனால் இது சராசரி. சராசரிக்குள் நன்றாக இருப்பவரும் நொடிந்துபோனவரும் ஒன்றாகக் கலந்து மறைந்துபோகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இரவு ஒரு மணிக்கு எதைப் பார்த்துவிட்டு அழுதாள் என்று எந்தச் சராசரியும் சொல்லாது.

கூட உட்கார்ந்து என்ன செய்வது

‘பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்’ என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கிறது. சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. பண்பு சொல்லித்தரும் ஒரு குழந்தைகள் தொடரை 2 முதல் 6 வயதுவரையிலான குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2016இல் வெளியானது. பிறர் உணர்வைப் புரிந்துகொள்வது போன்ற முன்னேற்றங்கள், தொலைக்காட்சியில் பார்ப்பதைப் பற்றி அடிக்கடி பேசும் பெற்றோரின் குழந்தைகளிடம்தான் தெரிந்தன. பேச்சு இல்லாத வீட்டுக் குழந்தைகளும் அதே தொடரைத்தான் பார்த்திருந்தார்கள்.

ஏன் பேச்சு தேவைப்படுகிறது என்பதற்கு 2008இல் வந்த இன்னோர் ஆய்வு நல்ல விளக்கம். மூன்று கால் நாய் ஒன்று வருகிறது. மற்ற நாய்கள் முதலில் ஒதுங்கி, பிறகு நட்பாகின்றன. மாற்றுத்திறனாளிகளை ஒதுக்காதே என்பதுதான் கதை சொல்ல வந்தது. பார்த்த ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளில் பலர் எடுத்துக்கொண்ட பாடம்: மூன்று கால் நாய்களிடம் அன்பாக இரு. குழந்தை கண்ணில் பட்டதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. நாயிலிருந்து மனிதருக்குத் தாவும் அந்த ஓர் அடியை வைக்கத் துணைக்கு ஒருவர் வேண்டும்.

நடைமுறையில் இது அதிக வேலை கேட்பதில்லை. 10 நிமிட வீடியோவுக்கு இரண்டு அல்லது மூன்று நிறுத்தம் போதும். தொடங்கும் முன் ஒரு வாக்கியம்: ‘இந்த விதை என்ன ஆகுதுன்னு பார்ப்போமா?’ நடுவில், அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத இடமாகப் பார்த்து நிறுத்தி, ‘இப்போ என்ன பண்ணப் போறான்னு நினைக்கிற?’ என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஐந்து வினாடியாவது காத்திருக்க வேண்டும். இந்த ஐந்து வினாடிதான் கடினம். பெரியவர்கள் இரண்டாவது வினாடியிலேயே விடையைச் சொல்லிவிடுகிறோம். முடிந்த பிறகு, பார்த்ததைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். விதை வீடியோ பார்த்தால் ஒரு பயறை ஈரத்துணியில் கட்டிவைக்கலாம். வடிவங்கள் பற்றிப் பார்த்தால் அறைக்குள் வட்டமாக என்னென்ன இருக்கிறது என்று தேடலாம். திரையில் கண்டது திரையிலேயே தங்கிவிடாமல் இருக்க இந்தக் கடைசிப் படிதான் காவல்.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு: பேச்சு தேர்வாக மாறிவிடுவது. ‘இது என்ன நிறம்? இது எத்தனை? இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?’ என்று விடை தெரிந்த கேள்விகளாக அடுக்கினால், நான்கு வயதுக் குழந்தைகூடப் பாதியில் எழுந்துபோய்விடும். கேட்பவருக்கும் விடை தெரியாத கேள்விகள்தான் பேச்சை இழுத்துச் செல்லும். நிறுத்தங்களும் அளவாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் கதையின் இழை அறுந்துவிடும். ஒரே வீடியோவைப் பத்தாவது முறை கேட்கிறதே என்ற சலிப்பும் தேவையில்லை. திரும்பப் பார்க்கும்போது சின்னக் குழந்தைகளின் புரிதல் கூடுகிறது. இரண்டாம், மூன்றாம் முறைதான் அவர்கள் திரையோடு பேசவே தொடங்குகிறார்கள்.

பெரியவர் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று. 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 587 முதல் வகுப்புக் குழந்தைகளின் குடும்பங்களைப் பின்தொடர்ந்தது. ஒரு செயலி: ஒரு சின்னப் பத்தி, அதையொட்டிச் சில கணக்குக் கேள்விகள், பெற்றோரும் குழந்தையும் தூங்கும் முன் சேர்ந்து படிக்க வேண்டும். மின்னும் படங்களோ பரிசு நாணயங்களோ அதில் முக்கியமில்லை. வாரம் ஒருமுறை பயன்படுத்திய குடும்பங்களில்கூட ஆண்டிறுதிக் கணக்குத் திறன் உயர்ந்தது. அதிகப் பலன் பெற்றவர்கள், கணக்கு என்றாலே பயப்படும் பெற்றோரின் குழந்தைகள். கணக்கைப் பற்றி என்ன பேசுவது என்று தெரியாத அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தச் செயலி வாயில் சொல் எடுத்துக் கொடுத்தது. உண்மையில் கற்றவர் யார் என்று கேட்டால், பெற்றோரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதே தத்துவம் செயலியே இல்லாமல், சாதாரண பட்டன் ஃபோனிலும் வேலை செய்கிறது. 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது போட்ஸ்வானாவில் நடந்த சோதனையில், சில குடும்பங்களுக்கு வாரம் ஒரு எஸ்எம்எஸ்ஸில் கணக்குகள் போயின. வேறு சில குடும்பங்களுக்கு அந்த எஸ்எம்எஸ்ஸோடு வாரம் ஒருமுறை 15 முதல் 20 நிமிட ஃபோன் அழைப்பும் போனது. ஆசிரியர் பெற்றோரையும் பிள்ளையையும் ஸ்பீக்கரில் ஒன்றாகப் பிடித்து ஒரு கணக்கைச் சேர்ந்து போட வைப்பார். அழைப்பு வந்த பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். எஸ்எம்எஸ் மட்டும் வந்தவர்களிடம் சொல்லும்படியான மாற்றமில்லை. விலையுயர்ந்த டேப்லெட் வாங்க முடியவில்லையே என்று ஏங்கும் குடும்பங்கள் இந்த முடிவை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

வீடியோ அழைப்பைச் சரியாகச் செய்வது

தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டியோடும் வேலைக்காக வெளியூரில் இருக்கும் பெற்றோரோடும் குழந்தையை இணைத்து வைப்பது இதுதான் என்பதால், கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் ஃபோனைக் குழந்தை முகத்துக்கு நேரே நீட்டி, ‘தாத்தாவுக்கு ஹாய் சொல்லு’ என்று தொடங்கி, ‘யார்னு தெரியுதா? சாப்பிட்டியா?’ என்று ஒரு நிமிடத்தில் வறண்டுவிடும். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேச்சு மட்டுமே கொண்ட உரையாடலில் பிடிப்பு இருக்காது. அதற்குச் செயல் வேண்டும்.

ஃபோனைக் கையில் பிடிக்காமல், குழந்தையின் கண் மட்டத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஏதாவதொன்றில் சாய்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் அதன் கைகளும் விளையாட்டும் கேமராவுக்குள் வரும். இரு முனையிலும் ஒரே படப் புத்தகம் இருந்தால், அந்தப் பக்கம் தாத்தா படிக்க, இந்தப் பக்கம் குழந்தை பக்கத்தைத் திருப்பலாம். முகத்தை மூடித் திறந்து விளையாடுவது, பொம்மையைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து ‘ஊட்டுவது’, ஒரே பாட்டுக்கு இரு பக்கமும் கை தட்டுவது எல்லாம் எடுபடும். கைதட்டல் மட்டும் இணைய வேகத்தைப் பொறுத்தது. ஒலி ஒரு வினாடி தாமதமாக வந்தாலும் குழந்தைக்கு அது ‘பதில் சொல்லாத திரை’ ஆகிவிடும். அப்போது படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுவது மேல். இந்தப் பக்கம் இருப்பவர் மொழிபெயர்ப்பாளர் வேலையும் பார்க்க வேண்டும்: ‘பாட்டி எதைக் காட்டுறாங்க பார், உன்னோட மாதிரியே சிவப்புப் பந்து!’ இரண்டு வயதுக் குழந்தைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். எழுந்து ஓடிவிட்டால் அது அவமரியாதை இல்லை என்று தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்லது.

செயலியைப் பத்து நிமிடத்தில் எடைபோடுவது

செயலிகளைப் பதிவிறக்கும் கடைத்தளத்தில் ‘கல்வி’ என்ற தலைப்பின் கீழ் இருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஐந்து வயதுக்குட்பட்டோர் பயன்படுத்தும் 135 செயலிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருந்தது. விளம்பரம் என்றால் நடுவில் வந்து குதிக்கும் வீடியோ மட்டுமில்லை. கதாபாத்திரமே ‘பூட்டியிருக்கும் இந்தப் பெட்டியை வாங்கித் தர மாட்டாயா?’ என்று முகம் வாடிக் கேட்பதும் விளம்பரம்தான்.

குழந்தைக்குக் கொடுக்கும் முன் பெரியவர் பத்து நிமிடம் தனியாக விளையாடிப் பார்த்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். முதலில், யோசிக்காமல் கண்டபடி தட்டிப் பார்க்க வேண்டும். அப்படித் தட்டியே அடுத்த கட்டத்துக்குப் போக முடிந்தால், குழந்தையும் அப்படித்தான் போகும்; எழுத்து எதுவும் மனதில் பதியாது. பிறகு, வேண்டுமென்றே தவறான விடை தர வேண்டும். சில செயலிகளில் தவறான விடைக்கு வரும் வெடிச்சத்தமும் கோமாளி முகமும் சரியான விடைக்கு வருவதைவிட வேடிக்கையாக இருக்கும். குழந்தை தவறையே தேடித் தேடித் தட்டும். மூன்றாவது, பரிசு. ஒரு கணக்கு போட்டால் 30 வினாடி நட்சத்திர மழை பொழிகிறது என்றால் நேரத்தின் பாதி மழைக்கே போகும். கடைசியாக, இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இணையம் இல்லாமலும் ஓடினால் பெரிய வசதி: அந்த நிலையிலேயே குழந்தைக்குக் கொடுத்தால் பெரும்பாலான விளம்பரங்கள் எட்டிப் பார்க்காது.

மின் புத்தகத்துக்கும் இதே அளவுகோல். கதையில் வரும் மழையை ஒட்டி மழை ஓசை கேட்பதும், படிக்கும் சொல்லுக்கேற்பப் படம் அசைவதும் புரிதலுக்குக் கைகொடுக்கும். தொட்டால் ஆடும் மரம், இடையில் வரும் புதிர் விளையாட்டு இவை கதையிலிருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவும் இதுவே. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், தமிழ் உட்படப் பல மொழிகளில் குழந்தைக் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. தொட்டால் ஆடும் மரங்கள் இல்லாத எளிய பக்கங்கள் அவை.

செலவே இல்லாத இன்னொரு வழி சப்டைட்டில். பேசும் மொழியிலேயே எழுத்து ஓடினால், பார்ப்பவர் கண் தன்னையறியாமல் அதைப் படித்துவிடுகிறது. 1996இல் இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி முன்னெடுத்த ‘அதே மொழி வசனவரி’ முயற்சி இதை நம்பித்தான் தொடங்கியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்குத் தெரிந்த பாடல்கள்தான் இதற்கு ஏற்றவை. அடுத்த வரி வாயில் இருப்பதால் கண் எழுத்தைத் தொட்டுவிடும். தானாக உருவாகும் சப்டைட்டில்களில் தமிழ் எழுத்துப் பிழை மலிந்திருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

நிறுத்தும் நேரத்துச் சண்டை

திரையை மூடும்போது வரும் அழுகைக்குப் பெரும்பாலான வீடுகள் கையாளும் மருந்து, ‘இன்னும் ரெண்டே நிமிஷம்’ என்ற முன்னறிவிப்பு. 2016இல் அலெக்சிஸ் ஹினிக்கர் குழுவினர் சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்களில் திரை நேரம் முடியும் தருணங்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்த தருணங்களில் முரண்டு கூடியிருந்தது. எளிதாக முடிந்தவை, பழக்கப்பட்ட நேரத்தில் முடிந்தவையும், திரையே இயல்பாக ஓரிடத்தில் நின்றவையும்தான்: கதை முடிந்தது, பேட்டரி தீர்ந்தது, இணையம் போனது. அம்மா நிறுத்தினால் அம்மாவோடு பேரம் பேசலாம். பேட்டரியோடு யார் பேரம் பேசுவது?

இதை வைத்து ஓர் ஒழுங்கை அமைக்கலாம். தொடங்கும் முன்பே ‘ரெண்டு கதை’ என்று எண்ணிக்கையில் முடிவு செய்ய வேண்டும், நிமிடத்தில் இல்லை. நான்கு வயதுக்குள் 20 நிமிடம் என்பது பொருளற்ற சொல். அந்த இரண்டை மட்டும் பதிவிறக்கி வரிசையாக வைத்துவிட்டு, அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளே வசதியை அணைத்துவிட வேண்டும். சண்டைக்குப் பெரிய காரணம் இந்த ஆட்டோபிளேதான். கதை முடிந்த நிறைவு வரும் முன்பே அடுத்த கதை தொடங்கிவிடுவதால், நிறுத்துவது எப்போதுமே நடுவில் நிறுத்துவதாகிவிடுகிறது. யூடியூப் கிட்ஸில் பெற்றோர் தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் அமைப்பும் நேரக் கணக்கு வைக்கும் டைமரும் உண்டு. ஆண்ட்ராய்டில் ஒரு செயலியைத் திரையில் பூட்டிவைக்கும் ‘ஆப் பின்னிங்’கும், ஐஃபோனில் ‘கைடட் ஆக்சஸ்’ஸும் குழந்தை வேறு செயலிக்குத் தாவாமல் தடுக்கும். அடுத்து செய்யப்போகும் வேலையைக் கண்ணில் படும்படி முன்பே எடுத்துவைத்தால் பாதி அழுகை குறையும். வெறுங்கையோடு ‘போதும், மூடு’ என்றால், குழந்தை எங்கே போகும்?

அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த ஃபோனைக் கொடுப்பது தனிச் சிக்கல். எப்போதாவது ஒரு தடுப்பூசி நேரத்தில் என்றால் பரவாயில்லை. அன்றாட மருந்தாகிவிட்டால், தானாக அடங்கக் கற்கும் வாய்ப்புகள் ஒவ்வொன்றாகக் கைநழுவும். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளைச் சில மாதங்கள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றில், அடிக்கடி இப்படி அடக்கப்பட்ட பிள்ளைகள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், பிறகு சட்டென்று பொங்கும் போக்கைக் கூடுதலாகக் காட்டினார்கள்.

கண், காது, தூக்கம்

கண்ணைப் பொறுத்தவரை வெளிச்சத்தில் வெளியே இருக்கும் நேரம்தான் பெரிய பாதுகாப்பு. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்பு மாணவருக்குப் பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். திரை கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். படுத்துக்கொண்டு பார்க்கும்போது இந்தத் தூரம் தானாகச் சுருங்கிவிடும்.

காதுக்கு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் குழந்தைகளுக்குச் சொல்லும் அளவு: 75 டெசிபெல், வாரம் 40 மணி நேரம். ‘குழந்தைகளுக்கானது’ என்று விற்கும் ஹெட்ஃபோன்கள் பலவும் 85 டெசிபெல்லில்தான் கட்டுப்படுத்துகின்றன. ஹெட்ஃபோன் போட்டிருக்கும் பிள்ளையைக் கை நீளத் தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டால் அதற்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒலி அதிகம்.

தூக்கத்தைத் திரை மூன்று வழியில் தொடுகிறது: நேரத்தைத் தின்பது, மனதைக் கிளறுவது, வெளிச்சம். மூன்றாவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 10 பேரைத் தூங்கும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் இருக்கவைத்த சோதனையில், தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் சுரப்பு கிட்டத்தட்ட 88 சதவீதம் அடங்கியது. ஆனால் அந்த வெளிச்சம் ஒரு டேப்லெட் தருவதைவிடப் பல மடங்கு. நீல ஒளி வடிகட்டியைப் போட்டுவிட்டு, துரத்திச் சுடும் விளையாட்டைப் பத்து மணிவரை அனுமதிப்பதில் பயன் இல்லை. தூங்கும் முன் ஒரு மணி நேரம் திரையில்லாமல் இருப்பது மூன்றுக்கும் சேர்த்து வைத்தியம். கதை கேட்டே பழகிய பிள்ளைக்குத் திரையை அணைத்துவிட்டு ஒலிக்கதை மட்டும் ஓடவிடலாம்.

பெரிய பிள்ளைகள்

பல தளங்களில் கணக்குத் தொடங்க 13 வயது என்றிருப்பது மனப் பக்குவத்தை அளந்து வைத்த எண் இல்லை. 13க்குக் கீழ் உள்ளவரின் தகவலைச் சேகரிக்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 1998இல் அமெரிக்காவில் இயற்றிய சட்டத்தின் விளைவு. எனவே 13 நிறைந்த நாளில் பிள்ளை தயாராகிவிடுவதில்லை. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு முன்பே கணக்குத் தொடங்க உதவும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 10 வயதுப் பிள்ளையை 15 என்று பதிந்தால், மூன்றே ஆண்டில் அந்தத் தளம் அவளை வயது வந்தவளாக நடத்தத் தொடங்கும்.

தடை மட்டும் போட்டால் ஆபத்து குறையும், கூடவே திறமையும் குறையும் என்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது. பத்து, பதினொரு வயதில் மிகவும் தேவைப்படும் ஒப்பந்தம் ஒன்றே: தவறான எதையாவது பார்த்தாலோ, யாராவது மிரட்டினாலோ எங்களிடம் சொல், அதற்காக ஃபோனைப் பிடுங்க மாட்டோம். பல பிள்ளைகள் வாய் திறக்காததற்குக் காரணம் பறிபோகுமே என்ற பயம். ஒருமுறை வாக்குத் தவறினால் அடுத்த முறை செய்தி வீட்டுக்கு வராது.

படிப்பில் இப்போது சேர்ந்திருப்பது ஏஐ அரட்டைக் கருவி. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் நடந்த சோதனையில், சாதாரண ஏஐ கருவியோடு கணக்குப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆகவே வீட்டில் வரிசை முக்கியம்: முதலில் பிள்ளை தாளில் முயல்வது, பிறகு ‘விடை வேண்டாம், எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல்’ என்று கேட்பது, கடைசியில் கருவியை மூடிவிட்டு அதே மாதிரி இன்னொரு கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்ப்பது. மூன்றாவது படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம்.

பெரியவர் கையிலிருக்கும் ஃபோன்

2017இல் வெளியான ஓர் எளிய சோதனை: தாய்மார்கள் தங்கள் இரண்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு புதுச் சொற்கள் கற்பிக்க வேண்டும். ஒரு சொல்லின் நடுவில் மட்டும் ஃபோன் வரும், எடுத்துப் பேச வேண்டும். இடையூறு வந்த சொல்லைக் குழந்தைகள் கற்கவில்லை. இடையூறில்லாத சொல்லைக் கற்றார்கள். இரண்டு சொற்களும் குழந்தையின் காதில் விழுந்தது ஒரே எண்ணிக்கையில்தான். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும் இதே வகை. குழந்தையின் உடையில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்தி அளந்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், தொலைக்காட்சி ஒலி கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவரிடமிருந்து குழந்தை கேட்ட சொற்கள் 770 குறைந்தன.

அதனால் வீட்டு விதிகளை எழுதும்போது பெரியவர் வரியும் அதில் இருக்க வேண்டும். சாப்பிடும்போது யாருடைய ஃபோன் எங்கே, வீடு திரும்பிய முதல் அரை மணி நேரத்தில் நோட்டிஃபிகேஷன் நிலை என்ன, பிள்ளையின் படத்தைப் பகிரும் முன் அவளைக் கேட்பதா என்பதெல்லாம் சேர்த்து. விதிகள் ஐந்தைத் தாண்டினால் யாருக்கும் நினைவிருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளையும் உட்காரவைத்துத் திருத்தலாம். பலரும் மறப்பது சார்ஜர் இருக்கும் இடத்தை. எல்லோருடைய ஃபோனும் இரவில் படுக்கையறைக்கு வெளியே ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும் என்று முடிவெடுத்தால், மறுநாளே ‘காலையில அலாரம் வேணுமே’ என்ற முதல் விதிவிலக்கு வரும். பெரும்பாலும் அதைக் கேட்பவர் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார். விதி எழுதும் நாளிலேயே ஒரு சாதாரண அலாரக் கடிகாரத்தையும் வாங்கி வைத்துவிட வேண்டும்.